சுண்ணாம்பு, சிமெண்ட், அமிலம்: நீருடன் சேரும்போது நிகழ்வதும் உடலில் பட்டால் செய்ய வேண்டியதும்

இப்பொழுது யாருடைய கண்ணிலாவது சுண்ணாம்போ, சிமெண்டோ, அமிலமோ பட்டிருந்தால், இப்பக்கத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணில் தூய நீரை ஊற்றத் தொடங்குங்கள். குறைந்தது அரை மணி நேரம் இடைவிடாமல் ஊற்ற வேண்டும். ஒருவர் நீர் ஊற்றும்போதே மற்றொருவர் 108 எண்ணை அழைக்கட்டும். காரணங்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இம்மாவட்டங்களுக்கு இச்செய்தி ஏன் முதன்மையானது?

கிரெட்டேசியஸ் காலத்தில் இன்றைய அரியலூர் மாவட்டத்தின் பெரும்பகுதியும் பெரம்பலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் கடலுக்குள் இருந்தன. அக்கடலில் படிந்த சிப்பிகளும் சுண்ணப் படிவுகளுமே இன்று நாம் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல். வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் அக்காலத்து உயிரினங்களின் எச்சங்களைக் காணலாம். அரியலூரில் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை 1979-இல் தொடங்கப்பட்டது. அதன் பின்னர்த் தனியார் ஆலைகள் பலவும் வந்தன. இவற்றால் சுரங்கம், ஆலை, சரக்குந்து, கட்டுமானம் ஆகிய தொழில்கள் இங்குள்ள ஏராளமான குடும்பங்களின் வாழ்வாதாரமாகிவிட்டன. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும், தாத்தா பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பும் இதே பொருளின் வேறு வடிவங்களே.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒரே அளவு தீங்கு தருவதில்லை. சுரங்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புக்கல் தூள், வேதியியல்படி கால்சியம் கார்பனேட் ஆகும். அது நீரில் மிக அரிதாகவே கரையும். கண்ணில் விழுந்தால் மணல் விழுந்ததைப் போல உறுத்தும். கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதே கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிக் கால்சியம் ஆக்சைடு எஞ்சும். இதுவே சுட்ட சுண்ணாம்பு. நூறு கிலோ தூய கல்லிலிருந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். இதன் மீது நீர் பட்டால் கொதித்து, பொரிந்து, நீறிப் பொடியாகும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளிப்படும் வெப்பம், ஏறத்தாழ 3 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. நீறிய பின் கிடைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவுவதும் சுவருக்குப் பூசுவதும் அதுதான். சிமெண்ட் தூளில் நீர் சேரும்போதும் இதே கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது.

ஆகவே, நோயாளியை அழைத்துவரும்போது “வெள்ளைத் தூள் பட்டுவிட்டது” என்று மட்டும் கூறாமல், கல் தூளா, சுட்ட சுண்ணாம்பா, நீறிய சுண்ணாம்பா, சிமெண்டா என்பதைக் கூறுங்கள். இயலுமானால் அப்பொருளின் உறையையோ டப்பாவையோ கையோடு கொண்டுவாருங்கள்.

நீரில் கரையும்போது என்ன நிகழ்கிறது?

அமிலமும் காரமும் உலர்ந்த நிலையில் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கின்றன. அவற்றை எழுப்புவது நீர். அமிலம் நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகளின் அளவு மிகுகிறது. காரம் கரையும்போது ஹைட்ராக்சைடு அயனிகளின் அளவு மிகுகிறது. ஒன்று கூடினால் மற்றது அதே விகிதத்தில் குறையும். இரண்டும் சமமாக இருப்பதே நடுநிலை. உலர்ந்த கையில் ஒட்டிய சிமெண்ட் உடனே எரிச்சல் தராததற்கும், அதே சிமெண்ட் வியர்வை ஊறிய காலுறைக்குள் புகுந்தால் புண்ணாக்குவதற்கும் காரணம் இதுவே. கண்ணோ எப்போதும் ஈரமானது. அங்கே உலர்ந்த சுண்ணாம்பு என்று ஒன்று இருக்க முடியாது.

இந்த அயனிகளின் அளவைக் குறிக்க 1909-ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் ஒரு மதுவடிப்பு நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சென் என்ற வேதியியலாளர் பிஎச் அளவுகோலை வகுத்தார். 25 டிகிரி வெப்பநிலையில் நடுநிலை நீரின் பிஎச் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவுகோலைப் படிக்கும்போது ஒன்றை மறக்கலாகாது: ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. நம் கண்ணீரின் பிஎச் ஏறத்தாழ 7.4. நீறிய சுண்ணாம்பு கரைந்து நிறைந்த நீரின் பிஎச் ஏறத்தாழ 12.4. எண்ணில் பார்த்தால் இடைவெளி ஐந்துதான். உண்மையிலோ அந்நீரில் ஹைட்ராக்சைடு அயனிகள் கண்ணீரில் இருப்பதைப் போல ஒரு லட்சம் மடங்கு உள்ளன.

இந்த வேறுபாட்டைக் காட்டும் காகிதம் மருத்துவமனையில் உண்டு. ஆனால் நம் வீட்டிலேயே அதற்கு இணையான ஒன்று நெடுங்காலமாக உள்ளது. ஆரத்தி எடுக்க மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலந்தவுடன் அது சிவக்கிறதல்லவா? குழம்பு சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாவதும் அவ்வாறே. மஞ்சளிலுள்ள நிறமி காரத்தைக் கண்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். குழந்தைகளுக்கு இதைச் செய்து காட்டுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு விளையாட்டுப் பொருள் அன்று என்பதை வாயால் சொல்வதைவிட இது எளிதில் உணர்த்தும்.

வலிமையும் செறிவும் வேறு வேறு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். கழிப்பறை அமிலத்திலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் முழுவதுமாக அயனிகளாகப் பிரியும். அது வலிமை மிக்க அமிலம். வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலத்தில் மிகச் சிறு பகுதியே பிரியும். அது வலிமை குறைந்தது. சுண்ணாம்பின் தன்மை இன்னும் விந்தையானது. கரைந்த பகுதி முழுவதும் அயனிகளாகிவிடும். ஆனால் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.7 கிராம் மட்டுமே கரையும். “அவ்வளவு குறைவாகக் கரைவதால் ஆபத்தும் குறைவுதானே?” என்று தோன்றலாம். கண்ணைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது.

கண்ணில் சுண்ணாம்பு

இமைக்குள் சிக்கிய சுண்ணாம்புத் துணுக்கு ஒரு சேமிப்புக் கிடங்கைப் போன்றது. அதைச் சுற்றியுள்ள கண்ணீரில் கரைய முடிந்த அளவு கரைந்து நிற்கும். நீங்கள் நீரூற்றிக் கரைந்த காரத்தை அகற்றினாலும், சில நொடிகளில் அத்துணுக்கு மீண்டும் கரைந்து புதிய காரத்தைத் தரும். கழுவிய உடன் எரிச்சல் தணிந்து, சற்று நேரத்தில் மீண்டும் எரிந்தால், உள்ளே துணுக்கு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பெரும்பாலும் மேலிமையின் உட்புற மடிப்பில் அது ஒளிந்திருக்கும். எளிதில் கரையும் பொருளாக இருந்திருந்தால் நீரோடு போயிருக்கும்.

கண்ணுக்குக் காரம் அமிலத்தைவிடப் பெரும்பாலும் கொடியது. அமிலம் பட்டவுடன் மேற்பரப்பிலுள்ள புரதம் உறைந்து ஒரு தடுப்பாகிறது. அமிலம் மேலும் உள்ளே செல்வதை அதுவே ஓரளவு தடுக்கிறது. காரமோ உயிரணுக்களின் கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றிக்கொண்டு உள்ளே இறங்கும். சுண்ணாம்பு நீரில் விரல் வழுவழுப்பாக இருப்பது இதன் சிறு அடையாளமே. எரிசோடா போன்ற காரங்கள் சில நிமிடங்களில் கருவிழியைக் கடந்து கண்ணின் உட்புறத்தை அடைந்துவிடும். சுண்ணாம்பு சற்று மெதுவாகவே ஊடுருவும், ஏனெனில் கால்சியம் சேர்ந்து உண்டாகும் சவர்க்காரம் கரையாமல் அங்கேயே படிந்து வழியை அடைக்கிறது. அப்படிவே கருவிழியை மங்கச் செய்வதும் உண்டு. கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புடையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

உள்ளூர் நிலையில் வைத்துப் பார்த்தால் இதன் பொருள் தெளிவு. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பெரம்பலூரில் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை உள்ளது. தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து இவற்றுள் ஒன்றை அடையவே அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். திருச்சிராப்பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தால் இன்னும் நேரமாகும். சில நிமிடங்களில் நிகழ்ந்துவிடும் சேதத்தை அவ்வளவு தொலைவிலுள்ள எந்த மருத்துவராலும் தடுக்க இயலாது. இந்நோய்க்கான முதல் மருத்துவர் அருகில் நிற்பவரே. முதல் மருந்து அங்கேயுள்ள நீரே.

எப்படி ஊற்றுவது?

கண்ணைச் சுற்றியும் இமையிலும் கட்டியாகத் தெரியும் சுண்ணாம்பைத் துணியால் விரைவாகத் துடைத்தெடுங்கள். நோயாளியைப் படுக்க வைத்து, பாதிக்கப்பட்ட கண் கீழே இருக்குமாறு தலையைச் சாய்த்து, மூக்கின் பக்கத்திலிருந்து காதின் பக்கமாக நீர் ஓடும்படி ஊற்றுங்கள். இவ்வாறு செய்தால் மற்றக் கண்ணுக்குள் நீர் செல்லாது. வலியால் இமைகள் இறுக மூடிக்கொள்ளும். மூடிய கண்ணின் மேல் எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. ஒருவர் இரு விரல்களால் இமைகளை விரித்துப் பிடிக்க, மற்றொருவர் ஊற்ற வேண்டும். நோயாளி மேலும் கீழும் வலமும் இடமும் பார்க்கட்டும். சிறு குழந்தையாயின் துண்டால் உடலோடு கைகளைச் சேர்த்துச் சுற்றிக்கொள்ளுங்கள். குழந்தை அலறும். அலறலுக்கு இரங்கி நிறுத்திவிடுவதே பெற்றோர் பொதுவாகச் செய்வது, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஒரு செம்போ ஒரு குடமோ போதாது. தொடுவில்லை அணிந்திருந்தால், ஊற்றிக்கொண்டே அதை அகற்றுங்கள்.

எந்த நீர்? குழாய் நீர், கைப்பம்பு நீர், வயல் மோட்டார் நீர், குடிநீர் எதுவாயினும் சரி. கொதிக்க வைத்து ஆறிய நீருக்காகக் காத்திருக்க வேண்டாம். “எங்கள் ஊர் நீர் உப்பு நீராயிற்றே” என்று தயங்கவும் வேண்டாம்; சுண்ணாம்புப் பாறை நிலத்து நீர் கடினமானதாயினும் பெரும்பாலும் நடுநிலைக்கு அருகிலேயே இருக்கும். மோட்டார்க் குழாயின் வேகமான நீரைக் கண்ணில் நேரே அடிக்கவிடாமல், செம்பில் பிடித்து ஊற்றுங்கள்.

சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் கொதிக்குமே, அப்படியிருக்கக் கண்ணில் நீர் ஊற்றலாமா என்ற ஐயம் நியாயமானதே. சிறிதளவு நீர் சேர்வதே கேடு. கண்ணீர் ஏற்கெனவே அந்தச் சிறிதளவு நீராகச் செயல்படத் தொடங்கிவிட்டது. பெருமளவு நீர் அவ்வெப்பத்தையும் காரத்தையும் சேர்த்தே அடித்துச் செல்லும். தோலின் மேல் உலர்ந்த தூளாகக் கிடந்தால் மட்டும், முதலில் உலர்ந்த துணியாலோ தூரிகையாலோ தட்டிவிட்டுப் பிறகு நீரூற்றுங்கள்.

கண்ணில் விடக் கூடாதவை

நல்லெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய், தேன், தாய்ப்பால், பன்னீர், மூலிகைச் சாறு ஆகியவற்றில் எதையும் விட வேண்டாம். அன்பினால் செய்யப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் எண்ணெய் துணுக்கை இமைக்குள் ஒட்டவைத்து நீரை அண்டவிடாது. மற்றவை பொன்னான நிமிடங்களை வீணாக்கும்.

காரத்தை எலுமிச்சைச் சாற்றாலும், அமிலத்தைச் சோடா உப்பாலும் முறிக்கலாம் என்று பள்ளிப் பாடத்தை நினைவில் வைத்துச் சிலர் முயல்வர். சோதனைக் குழாயில் அது சரியே. அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கும்போது உப்பும் நீரும் கிடைக்கும். கூடவே வெப்பமும் வெளிப்படும். காயம்பட்ட கண்ணில் அவ்வெப்பம் மேலும் ஒரு தீக்காயம். மேலும், எவ்வளவு காரம் உள்ளே இருக்கிறது என்று அறியாமல் எவ்வளவு அமிலம் விடுவது? சற்றுக் கூடினாலும் இரண்டாவது காயமாகும். நீருக்கு இந்த இடர் இல்லை.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

கண்ணின் உள்ளிமையில் பிஎச் காகிதத்தை வைத்துப் பார்ப்பார்கள். உணர்விழக்கும் சொட்டு மருந்து இட்டு, உப்புக் கரைசலால் மீண்டும் கழுவுவார்கள். மேலிமையை இருமுறை புரட்டித் துணுக்குகளைப் பஞ்சுக் குச்சியால் அகற்றுவார்கள். பிஎச் இயல்புக்கு வந்த பிறகும் சில நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் சோதிப்பார்கள்; துணுக்கு எஞ்சியிருந்தால் அளவு மறுபடி ஏறும். “எத்தனை முறைதான் கழுவுவது?” என்று உடன் வந்தவர்கள் பொறுமையிழப்பதுண்டு. அந்த எண் இறங்கி நிலைத்து நிற்கும்வரை கழுவுவார்கள் என்பதே விடை.

உடனிருப்போர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சிவந்த கண்ணைக் கண்டு அஞ்சுவதும், வெளுத்த கண்ணைக் கண்டு ஆறுதல் அடைவதும் இயல்பு. இவ்வகைக் காயத்தில் பெரும்பாலும் இதற்கு மாறாகவே உள்ளது. சிவப்பு, இரத்த ஓட்டம் இருப்பதைக் காட்டுகிறது. கருவிழியின் விளிம்பைச் சுற்றிலும் சலவைக்கல் போல வெளுத்திருந்தால், அங்குள்ள நுண் இரத்தக் குழாய்கள் அழிந்துவிட்டன என்று பொருள். கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் குருத்தணுக்கள் இருப்பது அந்த விளிம்பில்தான். அவ்விளிம்பு எவ்வளவு தப்பியிருக்கிறது என்பதைக் கொண்டே பார்வை எவ்வளவு மீளும் என்பதைக் கண் மருத்துவர் மதிப்பிடுவார். வலி குறைவு என்பதும் நல்ல அறிகுறி எனக் கொள்ளத்தக்கதன்று, நரம்புகள் செயலிழந்திருக்கலாம்.

முதல் வாரத்தில் தரப்படும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். மருந்துக் கடையில் அதே புட்டியைத் தாமாகவே மீண்டும் வாங்கி இடுவது கருவிழியைக் கரைத்துவிடக்கூடும். உணர்விழக்கும் சொட்டு மருந்தை வீட்டில் பயன்படுத்தவே கூடாது. கண் அழுத்தம் உயர்தல், இமை கண்ணோடு ஒட்டுதல், கருவிழி மங்குதல் ஆகியவை வாரங்கள், மாதங்கள் கழித்தும் தோன்றலாம். எனவே பார்வை தெளிந்துவிட்டது என்று மறுபரிசோதனையைக் கைவிடாதீர்கள்.

குழந்தைகளிடையே இக்காயம் நிகழும் முறை பெரும்பாலும் ஒன்றே. வெற்றிலைச் சுண்ணாம்பு அடைத்த சிறு பிளாஸ்டிக் குப்பியையோ உறையையோ குழந்தை கையில் பிதுக்க, மூடி தெறித்துச் சுண்ணாம்பு முகத்தில் பீறிடும். பெரியவர்களின் வெற்றிலைப் பழக்கத்தை இன்றே மாற்ற இயலாமல் போகலாம். அக்குப்பியை உயரத்தில் வைப்பதை இன்றே செய்யலாம்.

தோலில் ஈரச் சிமெண்ட்

கான்கிரீட் போடும் நாளில் முழங்காலிட்டு வேலை செய்யும் கொத்தனாருக்கும், சட்டியில் கலவை சுமக்கும் சித்தாளுக்கும் உண்டாகும் புண் மற்றத் தீக்காயங்களைப் போலன்று. தொடக்கத்தில் வலி இராது. ஈரச் சிமெண்டின் பிஎச் 12 முதல் 13 வரை இருக்கும். ஆயினும் அது குளிர்ச்சியாக இருப்பதால் ஆபத்து உணரப்படுவதில்லை. மாலையில் காலணியைக் கழற்றும்போதுதான் தோல் கருத்தோ வெளுத்தோ காணப்படும். அதற்குள் காரம் பல மணி நேரம் வேலை செய்திருக்கும்.

கலவை காலணிக்குள் புகுந்த உடனே கழற்றிக் கழுவ வேண்டும். வேலை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிமெண்டில் நனைந்த உடையைக் களைந்துவிட்டு, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவுங்கள். பற்பசை, மை, மஞ்சள் எதையும் தடவ வேண்டாம். நீர் புகாத கையுறையும் முழங்கால் உயரக் காலணியும் தருவது வேலை தருபவரின் பொறுப்பாகும். கிழிந்த கையுறை, கையுறையே இல்லாததைவிடக் கெட்டது. உள்ளே புகுந்த கலவையை அது தோலோடு அழுத்தி வைத்துக்கொள்ளும். கைகளில் மாதக்கணக்கில் அரிப்பும் வெடிப்பும் நீடித்தால், அது சிமெண்டிலுள்ள குரோமியத்தால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். அதைக் களிம்பால் மட்டும் தீர்க்க முடியாது. தோல் மருத்துவரிடம் தொழிலைக் குறிப்பிட்டுக் காட்டுங்கள்.

விழுங்கிவிட்டால்

வீட்டில் அமிலம் குடிக்கப்படும் விபத்துகளுக்குப் பொதுவான காரணம், அதைத் தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைப்பதே. நாட்டு மருத்துவமாக உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது மிகத் தவறானது. இறங்கும்போது ஒருமுறை சுட்ட பொருள், ஏறும்போது உணவுக்குழாயை மறுமுறை சுடும், மூச்சுக்குழாய்க்குள்ளும் செல்லலாம். வாயைக் கொப்பளித்துத் துப்பச் செய்து, வேறு எதையும் கட்டாயப்படுத்திப் புகட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். உதட்டில் புண் இல்லை என்பதால் உள்ளே புண் இல்லை என்று கொள்ள முடியாது. உயிர் தப்பியவர்களுக்குச் சில வாரங்கள் கழித்து உணவுக்குழாய் சுருங்கத் தொடங்கலாம். இட்லி இறங்கவில்லை, பிறகு கஞ்சியே இறங்கவில்லை என்னும் நிலைக்குக் காத்திராமல், விழுங்குவதில் சிறு மாற்றம் தெரிந்தவுடனேயே வர வேண்டும்.

பொத்தான் வடிவ மின்கலத்தைக் குழந்தை விழுங்கினாலும் இதே வகைக் காயம் உண்டாகும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். மின்கலம் உடையவோ கசியவோ வேண்டியதில்லை. உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலின் வழியே மின்னோட்டம் பாய்ந்து அதன் எதிர்முனையில் காரம் உருவாகும். இரண்டு மணி நேரத்திற்குள் கடும் சேதம் நேரலாம். மலத்தோடு வெளிவரும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

அமில வீச்சுக்கு உள்ளானவருக்கும் முதலுதவி நீரே. 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. வாங்குபவரின் அடையாளம் பதிவு செய்யப்பட வேண்டும், 18 வயது நிரம்பாதோருக்கு விற்கலாகாது. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், அமில வீச்சுக்கு உள்ளானவருக்கு உடனடிச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கச் சட்டப்படி கடமைப்பட்டுள்ளது. முதலில் காவல் நிலையம் சென்று வாருங்கள் என்று எவரும் திருப்பி அனுப்பக் கூடாது.

கலக்கக் கூடாத இரண்டு

மேல்நிலைத் தொட்டியிலும் கழிவுநீர் வாய்க்காலிலும் இடப்படும் பிளீச்சிங் தூளைக் கழிப்பறை அமிலத்தோடு சேர்த்தால் குளோரின் வாயு வெளிவரும். இரண்டையும் சேர்த்தால் கறை நன்றாகப் போகும் என்ற நம்பிக்கை தவறானது. தொண்டை எரிச்சலும் இருமலும் தொடங்கியவுடன் வெளியேறித் திறந்த வெளிக்கு வாருங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்து மிகுவதும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் தணிந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. மின்கலத்திற்கான கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்வோர், நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். அமிலத்தில் நீரை விட்டால் கொதித்துத் தெறிக்கும்.

கடின நீர், “கார நீர்”, சமையல் சோடா

மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. நம் கிணற்று நீர் கடினமாக இருப்பதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்படிவு சேர்வதும் இதனாலேயே. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரின் பிஎச் 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத நிலையில் 600 வரை அனுமதிக்கப்படுகிறது. சிறுநீரகக் கல்லுக்குக் கடின நீரே காரணம் என்ற கருத்து இங்கே வேரூன்றியுள்ளது; அதற்கு உறுதியான சான்று இல்லை. வெயிலில் வேலை செய்து, நீரைக் குறைவாகக் குடிப்பது உறுதியான காரணம். கல் வந்துவிடும் என்று அஞ்சி நீர் குடிப்பதைக் குறைப்பவர்கள், அஞ்சிய நோயைத் தாமே வரவழைக்கிறார்கள்.

உடலை “காரத்தன்மை”க்கு மாற்றுவதாகக் கூறி விற்கப்படும் நீருக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. இரைப்பையில் சுரக்கும் அமிலத்தின் பிஎச் ஏறத்தாழ 1.5 முதல் 3.5 வரை, அந்நீர் உள்ளே சென்றவுடன் அதன் காரம் முறிந்துவிடும். இரத்தத்தின் பிஎச்சை நுரையீரலும் சிறுநீரகமும் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இரவும் பகலும் காத்து நிற்கின்றன. குடிக்கும் நீரால் அது மாறிவிடுமானால் நாம் ஒரு குவளை எலுமிச்சைச் சாற்றையும் தாங்கியிருக்க மாட்டோம்.

நெஞ்செரிச்சலுக்குச் சமையல் சோடாவை நீரில் கலந்து குடிப்பவர்கள், அது சோடியம் நிறைந்த பொருள் என்பதை அறிய வேண்டும். உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகளில் சிலருக்கு இதே பொருளை மாத்திரையாக மருத்துவரே தருவதுண்டு; அது இரத்தப் பரிசோதனையின்படி அளந்து தரப்படுவது. நெஞ்செரிச்சல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, விழுங்கும்போது உணவு சிக்கினாலோ, எடை குறைந்தாலோ, மலம் கருநிறமாகப் போனாலோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். அலைபேசியில் மருத்துவ ஆலோசனை பெற 104 எண்ணை அழைக்கலாம்.